கரடி தேனப்பன் பாட்டு முடித்த கதை

ஒரு காட்டில், அதுவும் செல்போன் கோபுரம் வந்து ஆறே மாதம் ஆகியிருந்த ஒரு காட்டில், தேனப்பன் என்று ஒரு கரடி இருந்தான். தொழில் இசை. குகை வாசலில் ‘தேனப்பன் – இசை’ என்று பலகைகூட மாட்டியிருந்தான். அந்தப் பலகைக்குப் பாதிதான் வர்ணம் அடித்திருந்தது. ‘தேனப்’ வரைக்கும் சிவப்பு, அதற்கு மேல் வெறும் பென்சில் கோடு. அது சரியான சிவப்புதானா என்று யோசித்துக்கொண்டிருந்ததில் மூன்று வருஷம் ஓடிவிட்டது.

அவன் ஆரம்பித்த பாட்டுகள் நாற்பத்தொன்று. முடித்தவற்றை எண்ண நமக்கு விரல் எதுவும் தேவைப்படாது. இருந்தாலும் காடு முழுக்க அவனை இசையமைப்பாளர் என்றுதான் சொல்லும். அவன் அப்படித்தான் சொல்லிக்கொள்வான். கரடி சொல்வதை எதிரே நின்று மறுக்கும் வழக்கம் எந்தக் காட்டிலும் கிடையாது. முதுகுக்குப் பின்னால் மட்டும், “இன்னிக்கு தேனப்பன் என்ன விட்டான்?” என்று விசாரித்துக்கொள்வார்கள். புளுகுவதற்குக் கரடி விடுவது என்று ஊருக்குள் ஏன் பெயர் வந்தது என யாருக்கும் தெரியாது. இந்தக் காட்டில் அதற்கு விளக்கம் கேட்க ஆளில்லை.

அந்த வருஷம் கோடை கொடுமையாக இருந்தது. தேனடைகள் காய்ந்து போயின. பங்குனி பிறந்தபோது தேனப்பனின் வயிறு முதுகோடு ஒட்டிக்கொண்டது. அப்போதுதான் ஓடைக்குக் கிழக்கே ஓர் ஆள் உயரத்துக்கு வளர்ந்து நின்ற புற்று அவன் கண்ணில் பட்டது. நகத்தால் ஒரு கீறு கீறி, மூக்கை உள்ளே விட்டு உறிஞ்சினால் வாய்க்கு நூறு கரையான். அவன் முன்னங்காலைத் தூக்கினான்.

“ஏனுங்க, ஒரு நிமிசமுங்க” என்று கீழேயிருந்து குரல் வந்தது.

ஒரு கரையான் வெளியே வந்து நின்றது. அவர் பெயர் புற்றிடங்கொண்டான். சுருக்கமாகக் கொண்டான் என்பார்கள். புற்றுக்கு வெளியே நடக்க வேண்டிய காரியங்களையெல்லாம் பார்த்துக்கொள்கிறவர் அவர்தான்.

“சாப்பிடறது உங்க உரிமைங்க. அதைத் தப்புன்னு நாங்க சொல்லலீங்க” என்றார் கொண்டான். “ஆனா எங்க புள்ளைங்களுக்கு இன்னும் றெக்கை முளைக்கலை. முதல் மழை பேஞ்சா அன்னிக்குச் சாயங்காலமே ஈசலாப் பறந்து போயிருவாங்க. அவங்க பறக்கறப்ப ஒரு பாட்டு இருந்தா நல்லா இருக்குமுன்னு ராணியம்மா ஆசைப்படறாங்க. இந்தக் காட்டுல பாட்டுன்னா நீங்கதானுங்களே.”

தேனப்பனுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. தூக்கிய காலைத் தூக்கியபடியே வைத்துக்கொண்டு, “என்ன மாதிரி பாட்டு எதிர்பார்க்கறீங்க?” என்று தொழில் பேச்சுக்கு வந்துவிட்டான்.

“அதெல்லாம் உங்க இஷ்டமுங்க. பாட்டு முடிஞ்ச அன்னிக்கே புத்து உங்களுது. ராணியம்மா உள்பட. அதுவரைக்கும் மட்டும் வாய் வெக்கக் கூடாது. எத்தனை நாளாகுமுங்க?”

தேனப்பன் வானத்தைப் பார்த்தான். உதட்டுக்குள் என்னவோ கூட்டினான், கழித்தான். “ஒரு வாரம்” என்றான்.

கொண்டான் புற்றுக்குள் தலையை விட்டு அந்தச் செய்தியைச் சொன்னார். உள்ளே அடிமட்டம் வரை ஒரு சலசலப்பு ஓடியது. அது மகிழ்ச்சி என்று தேனப்பன் நினைத்தான். மகிழ்ச்சிதான். திரும்பி நடக்கும்போது அவனுக்கு ஒரு சந்தேகம் வந்தது. ஒரு வாரத்தில் பாட்டு முடிந்தால் மழைக்கு முன்னாலேயே, றெக்கை முளைக்காத குழந்தைகளோடு புற்றே போய்விடுமே, இந்த மனுஷர் அதை யோசிக்கவில்லையா? பாவம், வெகுளி என்று பரிதாபப்பட்டுக்கொண்டே போனான்.

மறுநாள் காலையில் லேப்டாப்பைத் திறந்தான். மெட்டு தானாக வந்தது. ஒன்பது மணிக்குப் பல்லவி, பத்தரைக்குச் சரணம். பாடுவதற்குச் செங்கண்ணன் என்ற குயிலைக் கூப்பிட்டான். குயில் மைக் முன்னால் உட்கார்ந்து நாலு நிமிஷத்தில் பாடி முடித்தது.

“அவ்வளவுதானண்ணா?” என்று கேட்டது.

“அவ்வளவுதான். பாட்டு முடிஞ்ச மாதிரிதான்” என்றான் தேனப்பன்.

நம் கதையில் மீதி இருப்பதெல்லாம் அந்த ‘மாதிரி’க்குள் நடந்ததுதான்.

முதலில் டிரம் சரியில்லை என்று பட்டது. இணையத்தில் தேடி அறுபத்தெட்டு டிரம் சத்தங்களை இறக்கினான். எட்டாவது நன்றாக இருந்தது. ஆனால் அறுபத்தெட்டையும் கேட்காமல் எட்டாவதுதான் நல்லது என்று எப்படிச் சொல்வது? ஆகவே எல்லாவற்றையும் கேட்டான். கேட்டு முடித்தபோது எட்டாவதை எங்கே வைத்தோம் என்பது மறந்துபோனது.

பிறகு, தான் மட்டும்தான் இப்படி மெதுவாக இருக்கிறோமோ என்று கவலை வந்தது. ‘ஒரு பாட்டை முடிக்க எவ்வளவு நாள் ஆகும்?’ என்று தேடினான். தேடியதில் நாற்பது வீடியோ வந்தது. ஒரு தவளை மூன்று மணி நேரம் என்றது. ஓர் ஆமை மூன்று வருஷம் என்றது. ஒரு வௌவால் தலைகீழாகத் தொங்கிக்கொண்டு, அது உன் மனசைப் பொறுத்தது என்றது. நாற்பதையும் பார்த்து, முக்கியமானதைக் குறிப்பெடுத்துக்கொள்ள பதினோரு நாள் ஆயிற்று. அந்தப் பதினோரு நாளும் தான் பாட்டு வேலையில்தான் இருந்ததாகத் தேனப்பன் மனப்பூர்வமாக நம்பினான்.

பாட்டைக் கணினியில் சேமித்து வைக்கப் பெயர் வேண்டுமல்லவா? முதலில் ‘பாட்டு’ என்று வைத்தான். அடுத்தது ‘பாட்டு சரி’. அதற்கடுத்தது ‘பாட்டு ரொம்பச் சரி’. சித்திரை பிறந்தபோது அது ‘பாட்டு போதும்டா சாமி – 6’ வரைக்கும் வந்திருந்தது.

அப்போதுதான் வாடிக்கையாளரிடம் ஒருமுறை போட்டுக் காட்டிவிடலாம் என்று தோன்றியது. லேப்டாப்பை எடுத்துக்கொண்டு போய்ப் புற்றுக்கு எதிரே இருந்த மரக்கட்டை மேல் வைத்துப் பாட்டை ஓடவிட்டான். கொண்டான் வாசலில் நின்று பொறுமையாகத் தலையை ஆட்டினார்.

“எப்படி இருக்கு?” என்று கேட்டான் தேனப்பன்.

“பரவால்லீங்க. ஈரந்தான் கொஞ்சம் பத்தலை” என்றார் கொண்டான்.

தேனப்பனுக்கு மெய்சிலிர்த்தது. பாட்டில் எதிரொலி குறைவாக இருந்தால் வறட்சி என்பதும், கூடினால் ஈரம் என்பதும் ஒலிப்பதிவுக்காரர்கள் பேச்சு. ஒரு கரையானுக்கு இவ்வளவு ஞானமா? குகைக்கு ஓடிப்போய் ஒன்பது நாள் உட்கார்ந்து ஈரம் சேர்த்தான். திரும்பி வந்து, “இப்ப எப்படி இருக்கு?” என்றான்.

“இப்பப் பரவால்லீங்க. அடிப்பக்கம் இளகிக் கெடக்குது, கெட்டியாக்கோணும்.”

பாட்டுக்கு அடியில் ஓடும் கனத்த ஒலியை, பேஸைச் சொல்கிறார் என்று புரிந்துகொண்டான். அதைக் கெட்டியாக்கப் பன்னிரண்டு நாள். அடுத்த தடவை கொண்டான், “மேல ஒரே விரிசலுங்க, வெயில்ல” என்றார். மேல் ஸ்தாயியில் குரல் கீறுகிறது என்று தேனப்பன் எடுத்துக்கொண்டு, செங்கண்ணனை மறுபடி கூப்பிட்டான்.

“என்ற குரல்ல எங்கண்ணா விரிசல்?” என்று குயில் சிலிர்த்துக்கொண்டது.

“எனக்குத் தெரியல. அவருக்குக் கேட்குது. அவர் காது அப்படி.”

குயில் மறுபடி பாடியது. அடுத்த வாரம் மறுபடி. மூன்றாம் முறை பாடி முடித்ததும், “அண்ணா, நான் இந்தப் பாட்டைப் பாடறதுக்குள்ள என்ற மூணு குஞ்சும் காக்கா வீட்டுல வளர்ந்து, வேலைக்கே போயிருச்சு” என்று சொல்லிவிட்டுப் பறந்துவிட்டது. பிறகு எத்தனை தடவை கூப்பிட்டும் வரவில்லை.

இதற்கிடையில் தேனப்பனின் புகழ் பரவியது. பன்னிரண்டு புற்றுகளிலிருந்து ஆள் வந்து பாட்டு வேண்டும் என்றார்கள். குகை வாசலில் வரிசை நின்றது. தேனப்பன் டோக்கன் கொடுத்தான், விண்ணப்பப் படிவம் கொடுத்தான். பாட்டின் நோக்கம், விரும்பும் வேகம், எவ்வளவு அவசரம் என்று கேள்விகள். பன்னிரண்டு பேரும் கடைசிக் கேள்விக்கு ‘அவசரமே இல்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். பாட்டு முடியும்வரை புற்றில் வாய் வைக்கக் கூடாது என்ற நிபந்தனையைப் பன்னிரண்டு பேரும் ஒரே கையெழுத்தில் சேர்த்திருந்தார்கள். கலையை மதிக்கத் தெரிந்த இனம் என்று தேனப்பன் நெகிழ்ந்து எல்லாவற்றிலும் ஒப்பமிட்டான். அன்றோடு அந்தக் காட்டில் அவன் சட்டப்படி தின்னக்கூடிய புற்று ஒன்றுகூட மிச்சமில்லை.

வைகாசியில் பசி தாங்கவில்லை. இலந்தைப்பழமும் கிழங்கும் தின்று கரடி எத்தனை நாள் உயிரோடு இருக்கும்? காதில் மாட்டும் ஹெட்போனே கழுத்துக்கு வழுக்கி விழுகிற அளவுக்கு இளைத்துப்போனான். ஒருநாள் மத்தியானம் தள்ளாடிக்கொண்டு புற்றடிக்கு வந்தான்.

“கொண்டான், பாட்டு முடிஞ்ச மாதிரிதான். ஓரமா ஒரே ஒரு வாய் மட்டும்...”

“தாராளமுங்க” என்றார் கொண்டான். “நீங்க முடிஞ்ச மாதிரின்னு சொல்லிட்டா அப்புறம் என்னங்க. நீங்களும் சாப்பிட்ட மாதிரிதான். போயிட்டு வாங்க.”

அதில் தப்பு எங்கே இருக்கிறது என்று தேனப்பனால் கண்டுபிடிக்க முடியவில்லை. வயிற்றைத் தடவிக்கொண்டே வீட்டுக்குப் போனான்.

ஆனி முதல் வாரத்தில் ஒரு மத்தியானம் மழை கொட்டித் தீர்த்தது. தேனப்பன் குகைக்குள் உட்கார்ந்து அந்தச் சத்தத்தைக் கேட்டான். அவனுக்கு அழுகையே வந்துவிட்டது. இன்று சாயங்காலம் அந்தக் குழந்தைகள் பறக்கும். ஒரே ஒரு சாயங்காலம்தான் அவற்றுக்கு. அதற்கு ஒரு பாட்டுக் கேட்டார்கள், மூன்று மாதம் கொடுத்தார்கள், தன்னால் முடியவில்லை. சோம்பேறி என்று தன்னைத் திட்டிக்கொள்ளலாம் என்று பார்த்தால் ஒருநாள்கூடச் சும்மா இருந்த ஞாபகம் இல்லை. அதுதான் அவனுக்கு இன்னும் அசிங்கமாக இருந்தது. மன்னிப்பாவது கேட்போம் என்று கிளம்பினான்.

புற்றின் எல்லாத் துளைகளிலிருந்தும் ஈசல்கள் வந்துகொண்டிருந்தன. மஞ்சள் வெயிலில் ஆயிரக்கணக்கில் எழும்பின. தேனப்பன் ஒப்பந்தத்தை நினைத்து வாயை இறுக மூடிக்கொண்டு நின்றான். ஓர் ஈசல் வந்து அவன் மூக்கின் மேல் உட்கார்ந்தது.

“நீங்கதானுங்களா பாட்டுக்காரர்?” என்று கேட்டது.

“ஆமா கண்ணு. பாட்டு இன்னும்...”

“தெரியுமுங்க. ரொம்ப நன்றிங்க. நீங்க பாட்டை முடிக்காததாலதான் எங்களுக்கு றெக்கை முளைச்சுதுன்னு பெரியப்பா சொன்னாரு. பறக்கறதுக்கு முன்ன உங்களைப் பார்த்துக் கும்பிட்டுட்டுப் போகோணுமுன்னு சொல்லி அனுப்புனாரு.”

தேனப்பன் மூக்கை ஆட்டாமல், “எந்தப் பெரியப்பா?” என்றான்.

“கொண்டான் பெரியப்பா. கரடி எத்தனை பாட்டு முடிச்சிருக்குன்னு நல்லா விசாரிச்சுட்டுத்தான் உங்ககிட்டப் பேசுனாராமுங்க. எங்களுக்கெதுக்குங்க பாட்டு? எங்களுக்குக் காதே இல்லையே. நீங்க பேசறதுகூட உங்க காலு வழியா மண்ணுல அதிர்றதை, இப்ப உங்க மூக்கு அதிர்றதை வெச்சுத்தான் புரிஞ்சுக்கறோம்.”

“அப்ப ஈரம் பத்தலைன்னு சொன்னது?”

“வீட்டைத்தானுங்க. எப்படி இருக்குன்னு நீங்க கேட்டீங்களாம், அவரு உள்ளதைச் சொன்னாராம். மேல விரிசல் விட்டதுக்கு நீங்க குயிலைப் போட்டுப் பாடுபடுத்துனீங்கன்னு சொல்லிச் சொல்லி உள்ள எல்லாரும் சிரிப்போமுங்க.” ஈசல் ஒரு கும்பிடு போட்டுவிட்டு மூக்கிலிருந்து எழும்பி வெயிலுக்குள் கலந்துபோனது.

ஏமாந்தது தேனப்பனுக்கு வலிக்கவில்லை. பசித்த கரடியை ஏமாற்றுவது கரையானின் கடமை, அதை அவன் ஒப்புக்கொள்வான். காடு முழுக்கத் தேடி, நிச்சயமாக வேலையை முடிக்கமாட்டான் என்று நம்பித் தன்னைப் பொறுக்கி எடுத்தார்களே, அதுதான் குத்தியது. அந்தப் பன்னிரண்டு விண்ணப்பமும் நினைவுக்கு வந்தன. ‘அவசரமே இல்லை’ என்பதற்கு அர்த்தம் இப்போதுதான் விளங்கியது. முகமெல்லாம் சூடாகிவிட்டது.

“நாளைக்குக் காலையில பாட்டோட வர்றேன்” என்று புற்றைப் பார்த்து, தரை அதிரச் சொன்னான். பறக்கிறவர்கள் பறந்துவிட்டார்கள். உள்ளே ராணியம்மாவும், கொண்டானும், அடுத்த வருஷத்துக் குஞ்சுகளும் இருந்தார்கள். அவர்களுக்குக் கேட்டுவிட்டது. சலசலப்பு சட்டென்று நின்றது.

விடிந்ததும் லேப்டாப்பைத் திறந்தான். எல்லாச் சத்தத்தையும் ஒன்றாகச் சேர்த்துப் பாட்டை முடிப்பதற்கு ஒரு பொத்தான் உண்டு. அதை அவன் தொழில் வாழ்க்கையில் ஒருமுறையும் அழுத்தியதில்லை. திரையில் அது எந்த மூலையில் இருக்கிறது என்று தேடவே அரைமணி நேரம் ஆனது. கண்ணை மூடிக்கொண்டு அழுத்தினான். ஒன்பது வினாடியில் பாட்டு முடிந்தது. மூன்று மாதமாக மல்லுக்கட்டியது ஒன்பது வினாடி வேலையாக இருந்ததைப் பார்த்து அவனுக்குத் தன் மேலேயே காறித் துப்பலாம் போல இருந்தது.

ஸ்பீக்கரைத் தோளில் சுமந்துகொண்டு புற்றடிக்கு வந்தான். கொண்டான் வாசலில் தனியாக நின்றிருந்தார்.

“முடிஞ்சிருச்சுங்களா?”

“முடிஞ்சிருச்சு” என்றான் தேனப்பன். இந்தத் தடவை வேறொன்றும் சேர்க்கவில்லை.

கொண்டான் வாசலை விட்டு விலகி நின்றார். “சரிங்க. சொன்ன சொல் சொன்னதுதான். தெக்கால பக்கம் குஞ்சுங்க இருக்காங்க. அங்க கடைசியா வாங்க. அவங்க தூங்கட்டும்” என்றார்.

“மொதல்ல பாட்டு. யாருக்காகப் பண்ணினேனோ அவங்க கேட்கணும்.” தேனப்பன் ஸ்பீக்கரைக் கட்டை மேல் வைக்கவில்லை. புற்றின் தோள்மேலேயே வைத்து அழுத்திப் பிடித்தான்.

பாட்டு புறப்பட்டது. மண் அதிர்ந்தது. டிரம் ஒவ்வொரு அடிக்கும் புற்றின் அடித்தளம் வரை இறங்கியது. கரையான்கள் ஒவ்வொன்றாக வெளியே வந்து, ஆறு காலையும் மண்ணில் பதித்துக்கொண்டு நின்றன. ராணியம்மாவின் அறையிலிருந்துகூட ஆள் வந்து நின்றார்கள். முதல் சரணம் முடியும்போது கொண்டானின் உணர்கொம்புகள் நடுங்கிக்கொண்டிருந்தன.

“ஏனுங்க” என்றார் அவர். “இத்தனை நாளா இதைத்தானுங்களா பண்ணிக்கிட்டு இருந்தீங்க? எங்களுக்குத் தெரியாமப் போச்சுங்களே. நாங்க உங்களைக் கேலி பேசிட்டோம்.”

தேனப்பன் குனிந்து கொண்டானைப் பார்த்தான். அவன் வாழ்நாளில் ஒரு பாட்டைக் கேட்டு ஒருத்தர் கண்கலங்கிப் பார்ப்பது அதுதான் முதல் முறை. கரையானுக்குக் கண் தெரியாது என்பது வேறு விஷயம். அவன் நகத்தைப் புற்றின் மேல் வைத்தான். மூன்று மாதத்துப் பசி வாயில் எச்சிலாக ஊறியது. பாட்டு இரண்டாவது சரணத்துக்குள் நுழைந்தது.

தேனப்பனின் காது விறைத்தது. நகம் அப்படியே நின்றது.

“என்னங்க?” என்றார் கொண்டான்.

“டிரம் முந்துது.”

“எங்கீங்க?”

“ரெண்டாவது சரணத்துல மூணாவது அடி. ஒரு மயிரிழை முந்துது.” தேனப்பன் பாட்டைப் பின்னால் ஓட்டி மறுபடி கேட்டான். மறுபடியும் கேட்டான். அவன் முகம் சுண்டிப்போனது.

“அதெல்லாம் ஒண்ணும் முந்தலீங்க” என்றார் கொண்டான். அவருக்கு மண்ணில் நடக்கும் அதிர்வெல்லாம் அத்துப்படி, பொய் சொல்லவும் காரணமில்லை. “நல்லாத்தான் இருக்குது. இதுல இனிக் கை வெக்காதீங்க. நாங்க செத்தாலும் பரவால்லை, இது இப்படியே இருக்கட்டுமுங்க. நீங்க சாப்பிடுங்க. சாப்பிட்டுட்டு நாலு பேருக்குப் போட்டுக் காட்டுங்க.”

புற்று முழுக்க ஆமாம் என்பது போல அதிர்ந்தது. தேனப்பன் யாரையும் கவனிக்கவில்லை. ஸ்பீக்கரைப் பிடுங்கித் தோளில் போட்டுக்கொண்டான்.

“உங்க இரக்க குணம்...” என்று தழுதழுத்தார் கொண்டான்.

“இரக்கமாவது ஒண்ணாவது. டிரம் முந்துதுய்யா” என்று எரிந்து விழுந்துவிட்டு, கிழங்கு கிடைக்குமா என்று தரையை முகர்ந்தபடியே குகையைப் பார்த்து நடந்தான் கரடி.

நீதி: உன்னைத் தின்ன வருகிறவன் கலைஞனாக இருந்தால் ஓடாதே, ஒளியாதே, கெஞ்சாதே. “உங்கள் வேலை அருமை, இப்படியே விட்டுவிடுங்கள்” என்று மட்டும் சொல். அவனே அதை எடுத்துக்கொண்டு போய்விடுவான்.